ஈஸ்ட் இல்லாத நாய்க்கு ஒரு சான்றிதழ்

போன மாதம் எங்கள் பழைய கிளினிக்கிலிருந்து ஒரு போன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர்தான் பேசினாள். மராத்திப் பெண், கெட்டிக்காரி. "மேடம், நாய்களுக்கு அரிப்பு ஊசி வந்துவிட்டது. மாதம் ஒன்று போட்டால் போதும், சொறிவதே இல்லை. பாவம், நீங்களெல்லாம் அந்தக் காலத்தில் எப்படித்தான் சமாளித்தீர்களோ?" என்றாள். அவள் 'அந்தக் காலத்தில்' என்று சொன்ன விதத்தில், நான் இருநூறு வருஷத்துக்கு முந்திய பேஷ்வாக்களின் நாய்களுக்குப் பச்சிலை அரைத்துக் கட்டியவள் என்று எனக்கே தோன்றிவிட்டது.

ரொம்ப சந்தோஷம் என்றேன். போனை வைக்கப்போகும்போது மெல்ல இழுத்தாள். "ஒரே ஒரு நாய்க்கு மட்டும் ஊசி கேட்கவில்லை மேடம். நாற்றம் வேறு."

"டேப் ஒட்டிப் பார்த்தாயா?"

"டேப்பா?"

அதற்கப்புறம் அரை மணி நேரம் நான்தான் பேசினேன். முடிவில், "இதையெல்லாம் எழுதி வையுங்கள் மேடம், எங்களுக்கு உதவும்" என்றாள். பெரியவர்கள் நிறுத்தாமல் பேசும்போது எல்லோரும் சொல்வதுதான் அது. ஆனாலும் சொல்லிவிட்டாளே, எழுதிவிடுகிறேன். தமிழில் எழுதுவதால் அவள் படிக்கப்போவதில்லை. யாரைப் பற்றி வேண்டுமானாலும் தைரியமாக எழுதலாம்.

என் அப்பா புனேயை ஒட்டிய கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் நிலைத்துவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ் என்று பெயர். அதில் பாதி இந்தி, கால் மராத்தி. நான் கால்நடை மருத்துவம் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்து வருடம் எருமைகளோடு போயிற்று. தோள் வரைக்கும் கையை உள்ளே விடக் கற்றுக்கொண்டதும் ஒரு டிகிரி கொடுத்து அனுப்பினார்கள். அப்பா சர்க்கார் உத்தியோகத்துக்குக் காத்திருந்தார். நானோ தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் புனே கேம்ப்பில் நாய், பூனைகளுக்கான தனியார் கிளினிக் ஒன்றில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். "நாய்க்கு ஊசி போடறதுக்கா இவ்ளோ படிச்சே?" என்று அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எருமை என்றால் அவருக்குச் சம்மதம். பால் தருகிறதே.

அந்த கிளினிக்கின் சொந்தக்காரர்தான் ஸர். பெயர் வேண்டாம், ஸர் என்றே சொல்கிறேன். ஒல்லியான, அரைக்கைச் சட்டை போட்ட, பழைய புனேக்காரர். ஊருக்கென்று ஒரு குணம் உண்டே, அது அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. குரலை உயர்த்தவே மாட்டார். ரொம்ப மரியாதையாகப் பேசுவார். எதிராளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், தன்னைத் திட்டியிருக்கிறார்கள் என்பது புரியும். மராத்தியில் 'ஏங்க' என்கிற மாதிரி அவர் 'அஹோ' என்று ஆரம்பித்தால் நான் மருந்து அலமாரிப் பக்கம் நகர்ந்துவிடுவேன். சுவர் முழுக்க அவர் கைப்பட எழுதிய பலகைகள். 'எங்கள் நாய் கடிக்காது என்று சொல்லாதீர்கள். அதை நாய் சொல்லட்டும்.' 'பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மருந்தைப் போட்டிருந்தால் ஃபீஸையும் அவரிடமே கொடுத்துவிடவும்.' கதவுக்கு வெளியே ஒன்று: 'ஒன்றிலிருந்து நான்கு வரை டாக்டர் தூங்குகிறார். மணியை அடித்தால் இன்னும் ஆழமாகத் தூங்குவார்.'

சேர்ந்த முதல் வாரம் ஒரு காக்கர் ஸ்பேனியல் வந்தது. ராணுவ அதிகாரி வீட்டு நாய். காதுக்குள் பழுப்பு மெழுகு, அக்குளும் தொடை இடுக்கும் சிவந்து, பிசுபிசுத்து, ஓயாத சொறி. அது வாசலில் நுழைந்தபோதே வாசனை உள்ளே வந்துவிட்டது. புளித்துப்போன தோசைமாவை ஈரச் சாக்கில் கொட்டி மூடி வைத்த மாதிரி. நான் சொறிப்பூச்சியாக இருக்கும் என்று ஊசி மருந்தை எடுத்தேன். ஸர் கையை நீட்டி அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்தார். பரிசுப் பொட்டலம் ஒட்டுவதற்குக் கடையில் விற்கிற அதே டேப்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். விரல் நீளத்துக்கு டேப்பைக் கிழிக்க வேண்டும். இடது கையால் தோலின் மடிப்பை நன்றாக விரித்துக்கொண்டு, டேப்பை அழுத்தி ஒட்டி, உரித்து, அதே இடத்தில் மறுபடி ஒட்ட வேண்டும். டேப்பின் பசை போகும்வரை இப்படியே. முடி அதிகமான இடத்தில் ஒட்டினால் முடிதான் வரும், நாயின் சாபமும் சேர்ந்து வரும். கண்ணாடித் தகட்டில் ஒரே ஒரு சொட்டு நீலச் சாயம். அதன்மேல் டேப்பைக் கவிழ்த்து, காகிதத்தால் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. சாராயம் கலந்த திரவத்தில் மட்டும் முக்கிவிடக் கூடாது. பசை கலங்கி, மூடுபனியில் மும்பை ரோட்டைப் பார்க்கிற கதையாகிவிடும். பிறகு மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மைக்ராஸ்கோப்பின் பெரிய லென்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தேன். எனக்கு நீலத் தூசிதான் தெரிந்தது.

"அஹோ மேடம், நிலக்கடலை சாப்பிட்டதுண்டா?" என்றார் ஸர்.

மறுபடி பார்த்தேன். ஓடு உரிக்காத நிலக்கடலைகள், இடுப்பு சிறுத்து, தலையும் உடம்புமாக, கூட்டம் கூட்டமாக. மலசீசியா என்பது அதன் சாஸ்திரப் பெயர். தோலில் வாழும் ஈஸ்ட், பூஞ்சை ஜாதி. எங்கள் கிளினிக்கில் அதற்கு மராத்தியில் நிலக்கடலைக்குச் சொல்கிற 'ஷேங்தாணே' என்பதே பெயராகிவிட்டது. உள்ளறையிலிருந்து ஸர் "ஷேங்தாணே இருக்கிறதா?" என்பார். "பொட்டலம் பொட்டலமாக" என்பேன் நான். நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், இவர்களுக்கு எந்நேரமும் தின்பதுதான் நினைப்பு என்று நினைத்திருப்பார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். அது ஏன் வந்தது என்று மனிதர்களிடம் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். பிம்ப்ரியில் ஒரு மாத்திரைக் கம்பெனி சூப்பர்வைசர் இருந்தார். தன் வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்க்குச் சொறி என்றதும் ஆன்டிபயாடிக் மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளினார். அது பாக்டீரியாவை விரட்டும், ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. நாய் பாதி மொட்டையான பிறகு எங்களிடம் வந்து, "உலகத்திலேயே சிறந்த மாத்திரை ஸர், நானே முன்னே நின்று தயாரிக்கிறேன்" என்றார். "மாத்திரையில் குறையே இல்லை. உங்கள் நாய்தான் அதற்குத் தகுதியான வியாதியைக் கொண்டுவரவில்லை" என்றார் ஸர்.

இவையெல்லாம் சின்னக் கேஸ்கள். நான் சொல்ல நினைத்தது சேமியாவைப் பற்றி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புனேயின் ஓரத்தில் பாணேர் பக்கம் வயல்களில் வரிசையாக அடுக்குமாடிகள் முளைத்தன. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்ப்யூட்டர்காரர்கள் குடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் செந்தில். மனைவி பெயர் பானு. இரண்டு வயது லேப்ரடார் பெண் நாய் ஒன்று வைத்திருந்தார்கள். நிறத்தைப் பார்த்து சேமியா என்று பெயர் வைத்திருந்தார்களாம். எங்களிடம் வந்தபோது அந்த நிறம் முதுகில் மட்டும்தான் பாக்கி இருந்தது. கழுத்து, வயிறு, அக்குள், விரலிடுக்கு எல்லாம் முடி கொட்டி, கறுத்து, யானைத் தோல் மாதிரி தடித்துப்போயிருந்தது. நாற்றத்தால் வரவேற்பறையில் இருந்த ஒரு பாரசீகப் பூனை எழுந்து மறுபக்கம் போய்விட்டது.

வேறு எங்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். போட்டால் நிற்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும். ஸர் உண்ணியில்லை, சொறிப்பூச்சியில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். மழைக்காலத்தில் அதிகமாகிற ஒவ்வாமை, அதன்மேல் வந்து உட்கார்ந்த ஈஸ்ட் என்று முடிவு செய்தார். டேப்பில் நிலக்கடலைச் சந்தையே இருந்தது. ஸ்டீராய்டைப் படிப்படியாக நிறுத்தி, பூஞ்சைக்கான மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்கச் சொன்னார். ஞாயிறுதோறும் போட மருந்து ஷாம்பு ஒன்றும் கொடுத்தார். நுரையை உடனே அலசிவிடக் கூடாது, பத்து நிமிடம் ஊற வேண்டும். அதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாற்றுவார்கள் என்று, "வீட்டு கணபதிக்குப் பாடுகிற ஆரத்தியை நாய் முன்னால் நின்று திரும்பத் திரும்பப் பாடுங்கள், அவசரப்படாமல்" என்றார். செந்திலுக்கு ஆரத்தி தெரியாது. ஆபீஸ் போன் ஒன்று பேசி முடிப்பதாக ஒப்புக்கொண்டார்.

போகும்போது செந்தில் என்னிடம் தனியாகத் தமிழில் சொன்னார். "டாக்டருங்க, எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டில நாத்தம்னு கம்ப்ளெய்ண்ட் பண்றாங்க. கணபதி பண்டிகை முடிஞ்சதும் மீட்டிங் வெச்சிருக்காங்க. அதுக்குள்ள சரியாகலீன்னா நாயை அனுப்பணுமாம். முல்ஷி பக்கம் ஒரு பண்ணைல கேட்டு வெச்சிருக்கேனுங்க." பானு நாயின் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நாய் அப்படியேதான் இருந்தது. ஆனால் செந்தில் சத்தியம் செய்தார். "வியாழக்கெழம வரைக்கும் நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்கு மேல என்ன ஆகுதோ, சனிக்கெழம மறுக்கா நாத்தம்." ஸர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், தரை துடைக்கும் மருந்தைக் கேட்டார், படுக்கை விரிப்பைக் கேட்டார். தோலில் வேறு ஏதாவது போடுகிறீர்களா என்று இந்தியில் மூன்று தடவை கேட்டார். செந்தில் மனைவியைப் பார்ப்பார், பானு தலையை ஆட்டி இல்லை என்பாள்.

"மேடம், மருந்துக்கு வாரக் கிழமை தெரியாது. ஈஸ்ட்டுக்கும் தெரியாது. அந்த வீட்டில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. போய் ஒரு வெள்ளிக்கிழமையைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் ஸர்.

வெள்ளிக்கிழமை ரிக்ஷா பிடித்துப் பாணேர் போனேன். கதவைத் திறந்த பானுவின் தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது, தோளில் பழைய துண்டு. "அய்யோ, வாங்க டாக்டருங்க!" என்று வெட்கப்பட்டாள். அவளுக்குப் பின்னால், பால்கனியில் விரித்த நியூஸ்பேப்பர் மேல், கோயில் சிலை மாதிரி பளபளவென்று சேமியா உட்கார்ந்திருந்தது. தலையிலிருந்து வால் வரை நல்லெண்ணெய். கண்ணை மூடிச் சொக்கிப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு இரும்புக் கரண்டியில் மிளகும் சீரகமும் பொரிந்து மிதக்கிற எண்ணெய், இன்னும் இளஞ்சூடாக.

எனக்கு வாயில் டாக்டர் தமிழ் வரவில்லை. குவார்ட்டர்ஸ் தமிழ்தான் வந்தது. "இன்னாம்மா இது!"

"உடம்புச் சூடுங்க டாக்டரு. சொறியறதப் பாத்தாலே தெரியுதுங்களே. அதான் வாராவாரம் எண்ணெ தேச்சு, சீயக்கா போட்டு ஊத்திவிடறேன். பொட்டப்புள்ளைல்லங்க, அதனால வெள்ளிக்கெழம."

"தோல்ல எதாச்சும் போடறீங்களான்னு ஸர் எத்தினி வாட்டி கேட்டாரு?"

"மருந்து ஒண்ணும் போடலீங்களே. எண்ணெ மருந்துங்களா?"

நான் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமைக்கு இதே வாசனைதான். அவள் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாசனையோடுதான் என் முன்னால் வந்து நின்றிருக்கிறாள். எனக்கு அது வாசனையாகவே தோன்றவில்லை, தமிழ்க் குடும்பம் என்றுதான் தோன்றியிருக்கிறது. ஸர் கேள்வி கேட்பதில் மன்னர்தான். ஆனால் நாய்க்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டா என்று கேட்க அவருக்கு எப்படித் தோன்றும்? இன்னும் கேளுங்கள். குளித்து முடித்ததும் மிளகு ரசம் சாதம். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாதாம். ஆகவே சாயங்காலம் வரை சேமியா கண்ணை மூடும்போதெல்லாம் தட்டித் தட்டி எழுப்புவாளாம். "அது மட்டும் சொன்ன பேச்சு கேக்கறதில்லீங்க" என்று வருத்தமாகச் சொன்னாள்.

சிரிப்பு அடங்கியதும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஈஸ்ட்டுக்கு எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உயிர். மடிப்பில் தங்குகிற எண்ணெயும் ஈரமும் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு போட்டு விரட்டுவதை வெள்ளிக்கிழமை வெற்றிலைபாக்கு வைத்து அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப நாந்தான் கெடுத்தனுங்களா?"

"கெடுத்தது அலர்ஜிம்மா. அது இதுக்கு முன்னயே இருக்குது. நீ சூடு தணியட்டும்னுதானே செஞ்சே?"

அவள் அழுதாள். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, நான் கேட்காமலேயே பேசினாள். செந்தில் போனால் ராத்திரிதான் வருவார். கீழே இறங்கினால் எல்லோரும் இந்தி, மராத்தி. மூன்று வருஷமாக லிஃப்டில் சிரித்துக்கொண்டே நிற்கிறாளாம். "ஊர்ல வெள்ளிக்கெழம ஆனா அக்கா தலைக்குத் தேச்சுவிடுவா. இங்க யாருங்க? நா அவளுக்குத் தேச்சுவிட்டு எனக்கும் வெச்சுக்குவேன். பேசிக்கிட்டே இருப்பேன். அவளுக்குத் தமிழ் மட்டுந்தானுங்க தெரியும். அவளையும் அனுப்பிட்டா இந்த ஊர்ல நா யாருகிட்டங்க பேசறது?"

எனக்கு அதற்கு மேல் கேலி வரவில்லை. "வெள்ளிக்கெழமைய விடாதே. சீசாவ மட்டும் மாத்து" என்றேன். எண்ணெய்க்குப் பதில் மருந்து ஷாம்பு. பத்து நிமிடம் நுரையோடு உட்கார வேண்டும், அந்த நேரம் முழுக்கப் பேசலாம். "எந்த ஸாபுனும் சீயக்காவும் கூடாது, பாக்கி தினமும் மடிப்பையெல்லாம் டவலால ஒத்தி சுக்கா வெச்சிரு" என்றேன். ஸாபுன் என்றால் சோப்பு என்பதையும் சுக்கா என்றால் உலர்ந்தது என்பதையும் அவளுக்குத் தனியாக விளக்க வேண்டியிருந்தது. "நீங்க பேசறது தமிழுங்களா டாக்டரு?" என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

அதற்கப்புறம் சேமியா தேறியது. முதலில் நாற்றம் போயிற்று, பிறகு சொறி குறைந்தது. கறுத்த தோல் மெதுவாக இளகி, வயிற்றில் பூனை முடி மாதிரி மென்மையாக முடி தலைகாட்டியது. டேப்பில் நிலக்கடலையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஸர் சேமியாவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அது அவர் வழங்கும் பரம வீர சக்கரம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் செந்தில் லிஃப்டில் யாரிடமோ, 'வெறும் ஃபங்கஸ்தான், இப்போது சரியாகிவிட்டது' என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். நாற்றம் போனது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஃபங்கஸ் என்ற சொல் நாலு மாடிக்கும் ஏறி இறங்கியது. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். நாயின் மேல் பூஞ்சையே இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கோடு நாய் வெளியே என்றார் சொசைட்டி செக்ரட்டரி.

செந்தில் சான்றிதழ் கேட்டு வந்தார். ஸர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எழுத முடியாது."

"சரியாகிவிட்டது என்று நீங்களே சொன்னீர்களே ஸர்!"

"வியாதி சரியாயிற்று. ஈஸ்ட் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எல்லா நாயின் தோலிலும் இருக்கிறது, நல்ல ஆரோக்கியமான நாயிலும். அளவோடு இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. இல்லவே இல்லை என்று எழுதினால் அது பொய்."

"ஒரு வரிதானே ஸர்?"

"ஒரு வரிதான்."

செந்தில் முகம் சிவந்து போய்விட்டார். எனக்கும் கோபம் வந்தது. முதல் முறையாக ஸரிடம் குரலை உயர்த்தினேன். "அந்தப் பெண்ணுக்கு அந்த நாயை விட்டால் யாருமில்லை ஸர். உங்கள் ஒரு வரிக்காக அதைப் பண்ணைக்கு அனுப்ப வேண்டுமா? அங்கே யார் வெள்ளிக்கிழமை ஷாம்பு போடுவார்கள்? ஒரு மாதத்தில் மறுபடி பழையபடி ஆகிவிடும்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. மருந்து பாட்டில்களை மட்டும் சத்தமாக வைத்தேன்.

சனிக்கிழமை கிளினிக்கைப் பூட்டும்போது, "அஹோ மேடம், நாளைக்குக் காலையில் உங்களுக்கு வேலையிருக்கிறதா?" என்றார். கையில் பழைய ஒற்றைக்குழல் மைக்ராஸ்கோப்பின் மரப்பெட்டி இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடிக்கிற அந்தக் கால ஜாதி.

மீட்டிங் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, தட்டில் பிஸ்கட். செக்ரட்டரி பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைக் காகா என்றார்கள். மராத்தியில் சித்தப்பா என்று அர்த்தம். வயதுக்கு மீறிய அடர்த்தியான தலைமுடி, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பது சீப்பு வைத்திருந்த சட்டைப்பையிலேயே தெரிந்தது. கடைசி வரிசையில் செந்திலும் பானுவும், காலடியில் சேமியாவும். பானு பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கோர்ட்டுக்குப் போவதாக நினைத்திருப்பாள் போல.

"சான்றிதழ் கொண்டுவந்தீர்களா டாக்டர்?" என்றார் செக்ரட்டரி.

"கொண்டுவந்திருக்கிறேன். இந்த நாயின் மேல் ஈஸ்ட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்."

ஒரே கூச்சல். செந்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸர் சத்தம் அடங்கும்வரை ஒரு பிஸ்கட் சாப்பிட்டார். பிறகு, "நியாயமாகத் தீர்மானிக்க வேண்டும் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த சொசைட்டியிலேயே மிகச் சுத்தமான மனிதர் ஒருவர் வேண்டும். யார்?" என்றார்.

எல்லாத் தலைகளும் செக்ரட்டரி பக்கம் திரும்பின. அவர் மறுக்கவில்லை.

நான் டேப் எடுத்தேன். ஒன்று ஸரின் காதுக்குப் பின்னாலிருந்து. ஒன்று செக்ரட்டரியின் நெற்றியில், முடி ஆரம்பிக்கிற இடத்தில். ஒன்று சேமியாவின் வயிற்றிலிருந்து. மூன்று தகடு, மூன்று சொட்டு நீலம். பெயர் எழுதாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் எழுதினேன். எது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஸர் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினார். முதலில் நான் பார்த்து ஃபோகஸ் செய்தேன். இரண்டாவதைப் பார்த்ததும் தகட்டின் எண்ணை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தேன்.

செக்ரட்டரி மூன்றையும் நிதானமாக, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நிமிர்ந்தார். "இரண்டு. சந்தேகமே இல்லை, இதுதான் நாய். கும்பல் கும்பலாக இருக்கிறதே! இது எப்படி டாக்டர் இந்தக் கட்டடத்தில் இருக்க முடியும்?"

"மேடம், இரண்டு யார்?" என்றார் ஸர்.

வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். "இரண்டு… காகா."

ஸர் ரொம்பப் பணிவாக விளக்கினார். மனிதர் மேல் இருக்கிற ஈஸ்ட் நாயினுடையதற்குப் பங்காளி முறை. உருவத்தில் கொஞ்சம் வித்தியாசம், பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். தலையில் பொடுகு உள்ளவர்களிடம் நிறையவே இருக்கும். தன் காதுக்குப் பின்னாலும் இருக்கிறது. யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. "ஆனால் ஈஸ்ட் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்பது உங்கள் விதி. விதியை நான் மாற்ற முடியாது" என்று உட்கார்ந்துவிட்டார்.

செக்ரட்டரியின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. முகம் வெளுத்திருந்தது. அத்தனை பேர் முன்னால் அப்படி அவர் நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பானு எழுந்து நின்றாள். அந்தக் கட்டடத்தில் மூன்று வருஷமாக வாயே திறக்காதவள், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, இந்தியில் பேசினாள். "காகா கோ பீ… மத் பேஜியே." காகாவையும் அனுப்பாதீர்கள். பிறகு தைரியம் வந்து, "ஷாம்பூ சே டீக் ஹோ ஜாயேகா." ஷாம்பு போட்டால் சரியாகிவிடும்.

அவள் கேலி செய்யவில்லை. இந்தச் சபை நிஜமாகவே அவரை மூட்டை கட்டச் சொல்லிவிடும் என்று பயந்துவிட்டாள். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் சிரித்தது செக்ரட்டரியின் மனைவி. பிறகு அந்த இடமே சிரித்தது. செந்தில் சிரித்தார், ஸர் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கடைசியாக செக்ரட்டரி, நெற்றியில் வைத்த கையை எடுக்காமலே, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மேஜையைத் தட்டி எல்லோரையும் அமைதியாக்கிவிட்டு, தீர்மானம் எழுதுகிறவரிடம் மராத்தியில் உரக்கச் சொன்னார்: "எழுதிக்கொள்ளுங்கள். யாரும் போக வேண்டாம்."

பானு என் பக்கம் ஓடிவந்து முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. "என்னங்க சொல்றாரு? என்னங்க டாக்டரு?"

"யாரும் போக வேணாமாம்" என்றேன்.

அவள் பட்டுப்புடவையோடு அந்த சிமென்ட் தரையிலேயே உட்கார்ந்து, சேமியாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செக்ரட்டரியின் மனைவி பக்கத்தில் வந்து குனிந்து, முதலில் அவள் தலையையும் பிறகு நாயின் தலையையும் தடவினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.